எண்ணிக் கத்திய பஸ்ஸர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "எத்தனை வோல்ட்டு?" என்று கேட்டு வாயை அடைக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன், அது வேறு. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

தூத்துக்குடியில் நானும் என் வீட்டுக்காரரும் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தோம். அவர் புரோகிராம் எழுதுவார், நான் சால்டரிங் செய்வேன். கடலில் சங்கு குளிக்கிறவர்களுக்காக ஒரு காற்று அலாரம் செய்தோம். படகில் இருக்கிற கம்ப்ரஸரிலிருந்து ஓஸ் வழியாகப் போகிற காற்றுதான் அடியில் இருக்கிறவனுக்கு மூச்சு. ஓஸில் அது குறைந்தால் மைக்ரோகன்ட்ரோலர் கண்டுபிடித்து பஸ்ஸரைக் கத்த வைக்கும். எந்த போர்டைக் கொடுப்பதற்கு முன்னாலும் அவர் டெஸ்ட் பட்டனைத் தன் கையால் அழுத்தி, பஸ்ஸர் கத்துவதைக் கேட்பார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அப்புறம், "ஏளா, இன்னொருக்கா பாத்துரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடன்குடியிலிருந்து வந்த மனுஷன் எனக்கு சால்டரிங் சொல்லித் தருகிறாராக்கும்! இப்போது அந்த அதட்டலுக்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஒரு மத்தியானம், திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற அந்தோணி அந்த போர்டோடு வந்தான்.

"அக்கா, இது சும்மா சும்மா கத்திக்கிட்டே கெடக்கு. கம்ப்ரஸர் டேங்க் மீட்டர்ல காத்து ஃபுல்லா காட்டுது. பஸ்ஸர வெட்டி விட்டுருங்க, நாளைக்குக் கடலுக்குப் போணும்."

இந்த ஊரில் எந்த போர்டு கெட்டாலும் உப்புக்காற்றின் தலையில்தான் பழியைப் போடுவோம். நானும் போட்டேன். பச்சை பூத்த இடத்தைத் தின்னர் விட்டுத் தேய்த்தேன். சப்ளை ஐந்து வோல்ட் சரியாக வந்தது, கிரிஸ்டல் ஓடியது, ரீசெட் ஒழுங்கு. கைப்பம்பால் காற்றடித்தால் சென்சாரும் சரியாகவே சொன்னது. ஒன்றரை மணி நேரம் போனதுதான் மிச்சம். எரிச்சலில் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை அதன் பேஸிலிருந்து நெம்பி எடுத்துவிட்டேன். சரி, இப்போதைக்கு பஸ்ஸரை வெட்டி விடுவோம், புது சிப் வந்ததும் பார்க்கலாம் என்று கட்டரையும் எடுத்துவிட்டேன், நம்புங்கள்.

பஸ்ஸர் கத்தியது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

சிப் என் உள்ளங்கையில் இருக்கிறது. அது இல்லாமல் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, பட்டனை யாரும் தொடவும் இல்லை. டிரான்சிஸ்டரில் உப்பு ஈரம் இறங்கினால் பஸ்ஸர் தானாகக் கத்தும் என்று நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் எண்ணிக் கத்துமா?

"இன்னொருக்கா பாத்துரு" என்று அவரே அதட்டின மாதிரி இருந்தது; கட்டரைக் கீழே வைத்தேன்.

"என்னக்கா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லலே. போர்டு நல்லாத்தான் இருக்கு, அப்ப காத்துதான் கொறையுது. போய் ஓஸக் கொண்டா."

"ஓஸ் புதுசுல்லாக்கா!"

"கொண்டாங்கேன்!"

முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தான். கம்ப்ரஸரில் மாட்டுகிற பக்கத்தை வெட்டிப் பார்த்தோம். உள்பக்க ரப்பர் உரிந்து நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று வேகமாக வந்தால் அது எழும்பி வழியை அடைத்துவிடும். டேங்க் மீட்டர் அதற்கு முன்னால் இருப்பதால் எப்போதும் ஃபுல்தான் காட்டும். சென்சார் அதற்குப் பின்னால் இருந்தது, அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. அந்தோணி அந்த நாக்கை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"மாதாவே... நாளைக்கு அடியில கெடந்திருப்பேனேக்கா!"

புது ஓஸ் வாங்கி மாட்டினான். இன்றைக்கும் நன்றாகச் சங்கு குளித்துக்கொண்டுதான் இருக்கிறான். நான்தான் மாறிப்போனேன். எந்த போர்டு வந்தாலும், வேலை முடிந்ததும் சிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஒரு சத்தமும் இல்லை. என் வேலையில் குறை இல்லை என்று அவர் பேசாமல் இருக்கிறாரா, இல்லை, இப்போது பார்க்க யாருமே இல்லையா? கத்திய அன்று எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு போர்டையும் கொடுத்து அனுப்பும்போதுதான் வருகிறது.