குளிர் புகாத வீடு

என் கணவர் சாமியறையிலிருந்து சந்தனக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு வந்து யன்னலுக்குக் காட்டியபோது, மனுசனுக்கு ஏதோ பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்னறை யன்னல், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து யன்னல், பின்கதவு என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தார். புகை நேரே மேலே போனால் அடுத்த இடத்துக்கு நகர்வார். புகை வளைந்தால் நின்று, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்.

"என்ன, யன்னலுக்குத் தீபாராதனையோ?" என்று கேட்டேன்.

"பகிடி விடாதையும். எங்காலை காத்து வருதெண்டு பாக்கிறன். நீர்தானே குளிருது குளிருது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறீர்."

சொன்னது உண்மைதான். அந்த வருஷம் இலைகள் கொட்டுவதற்கு முன்பே எனக்குக் குளிரத் தொடங்கிவிட்டது. கையும் காலும் விறைத்தன. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைப் பிசையும்போது விரலுக்குச் சூடு தெரியவில்லை. வாய்க்குள் வைத்த பிறகுதான் நாக்கு சுட்டது. "குளிருது" என்று சொல்வேன். அவர் உடனே எழும்பிப்போய் எதையாவது அடைப்பார்.

எங்கள் வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற பழைய செங்கல் வீடு. எங்களைவிட வயது கூடியது. தெரிந்தவர்கள் எல்லாரும் மார்க்கம், ரூஜ் போன்ற இடங்களில் புது வீடு வாங்கிப் போனபோது, பஸ்ஸும் கடையும் கிட்ட இருக்கிறதே என்று நாங்கள் இதிலேயே நின்றுவிட்டோம். வாங்கும்போது கூரையைப் பார்த்தோம், கிச்சினைப் பார்த்தோம், வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் சுவர் என்றால் கல்லும் சீமெந்தும். அதற்குள் குளிருக்குப் பஞ்சு அடைப்பார்கள் என்று யார் கண்டது? இந்த வீட்டின் சுவருக்குள் பஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் இடைவெளிதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் மெசின் திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு எடுத்தவர். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டில்கூடக் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் கேட்பார். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். வீட்டைச் சூடாக்கும் ஹீற்றை ஒரு பாகை கூட்டினால், அறைக்குள் இருந்துகொண்டே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். "ஸ்வெற்றரைப் போடுமன்" என்பார். அப்படிப்பட்டவர், நான் கேட்காமலே ஹீற்றைக் கூட்டத் தொடங்கினார். எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் வந்தது.

பென்சில் புள்ளி வைத்த இடமெல்லாம் முதலில் இடுக்கில் ஒட்டுகிற ரேப் வந்தது. பிறகு ரியூப்பிலிருந்து பிதுக்கும் வெள்ளைப் பசை வந்தது. பிறகு யன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, என் தலைமயிர் உலர்த்தும் மெசினால் சூடு காட்டி, அதை மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டினார். சமையலறை யன்னலையும் விடவில்லை. அங்கேதான் வந்தது வினை. மீன் பொரிக்கும்போது எங்கள் ஆட்கள் எந்தப் பனியிலும் யன்னலைத் திறந்துதான் வைப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் பஸ்ஸில் உடுப்பு வாசத்துக்குப் பக்கத்து ஆள் எழும்பிப்போய் வேறு இடத்தில் இருப்பான். எத்தனை வருஷப் பழக்கம் அது. யன்னல் அடைபட்டதும் பொரித்த வாசமும் சோற்று ஆவியும் போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்றன. கண்ணாடி வியர்த்தது. மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. அவர் அதற்கும் ஒரு மருந்து வாங்கி வந்து அடித்தார். எனக்குக் குளிர் மட்டும் போகவில்லை.

அடுத்து கூரைக்காரர் வந்தார். ஏணியில் ஏறி மச்சுக்குள் தலையை விட்டுப் பார்த்து, சூடு முழுவதும் மேலாலேயே போகிறது என்றார். நான் கணவரிடம், "ஊசி போற இடம் பாத்தியள், உலக்கை போற இடம் பாக்கேல்லை" என்றேன். அவர் சிரித்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. உலக்கை போகிற இடம் கண்டுபிடிபட்டுவிட்டது என்று நம்பிவிட்டார். பழைய பேப்பரை அரைத்தது போன்ற சாம்பல் நிறப் பஞ்சைப் பெரிய குழாயால் மச்சுக்குள் ஊதி நிரப்பினார்கள். அவர்கள் போனதும் கணவர் என் முன்னால் வந்து நின்றார்.

"இப்ப எப்பிடி?"

"குளிருது" என்றேன். அவர் முகம் வாடியது. எனக்குக் கோபம்தான் வந்தது. கூரையைக் கேட்காமல் என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய?

மார்க்கத்தில் இருக்கிற மகள்தான் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கியதை அவள் கண்டுவிட்டாள். டொக்டர் வெள்ளைக்காரப் பெண். நான் சொன்னதை மகள் இங்கிலிஷில் சொன்னாள். டொக்டர் திருப்பி ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வீடு கோல்டா, இல்லாட்டி நீங்க கோல்டா? ஷீ நீட்ஸ் டு நோ."

"குளிருது எண்டு சொல்லு."

"அதுதான் அம்மா, ஆருக்கு? வீட்டுக்கா, உங்களுக்கா?"

எங்கள் பேச்சில் குளிருது என்றால் குளிருது. இருட்டுது, மழை தூறுது என்பதுபோல. யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலிஷில் வாயைத் திறக்கும்போதே வீடா ஆளா என்று பிரித்துச் சொல்லவேண்டும். கூடவே வந்து பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவரைப் பார்த்தேன். அவருக்குக் குளிரவில்லை. அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் குளிரவேயில்லை. வீட்டுக்குள் பெனியனோடு திரிந்த மனுசன் அவர். அதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்தான் நினைத்தோம் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"எனக்கு" என்றேன்.

அதன் பிறகு இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயம் களைத்துவிட்டது, இரத்தத்தை விரல் நுனிவரை தள்ள அதற்குப் பலமில்லை என்று அங்கே சொன்னார்கள். வெட்டிச் சரிசெய்கிற கட்டமும் இல்லையாம். மருந்தோடு கொஞ்சக் காலம் ஓட்டலாம். எவ்வளவு காலம் என்று மகள் கேட்டாள். அந்த டொக்டர் கையை விரித்தார். முந்தி வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேள் என்றார் என் கணவர். பெரிதாக இல்லை என்று பதில் வந்தது. அவர் அதைத் திருப்பியும் கேட்கச் சொன்னார். அதே பதில்தான் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னேனே தவிர, காரில் வரும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

இனியாவது இந்த மனுசன் வீட்டை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருப்பார் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மருந்து அதிகம் நம்பிக்கை தரவில்லை. கோயில் நேர்த்தி வைக்கவும் மனம் வரவில்லை. மிச்சமிருக்கிற நாட்களில் அவர் என் பக்கத்தில் இருந்து, ஊர்ப்புதினம் கதைத்து, ரீவியில் வருகிற நாடகத்தை நக்கல் அடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்றிருந்தது. அதைக் கேட்கவும் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் இருங்கோவன்."

"பொறும், உந்தச் சுவர் வேலையை முடிச்சுப்போட்டு வாறன்."

சுவர் வேலை. அந்த இரண்டாவது குளிர்காலம் முழுவதும் சுவர் வேலைதான் நடந்தது. படங்களைக் கழற்றி, சோபாவை நடுவீட்டுக்கு இழுத்து, சுவர் நெடுக ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சை ஊதி, ஓட்டைகளைப் பூசினார்கள். வேலையாட்கள் போன பிறகு அவர் நின்று அதைத் தேய்ப்பார், திரும்பப் பூசுவார், வர்ணம் அடிப்பார். வீட்டுக்குச் சூடு தருகிற பழைய ஃபர்னஸைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். நான் வீட்டுக்கு நடுவில் போர்வையோடு இருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன்.

"வீட்டுக்குச் சுகமில்லையெண்டோ டொக்டர் சொன்னவ? எனக்கப்பா, எனக்கு!"

அவர் வர்ணத் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது உதுதான்" என்றார். திரும்பியும் பார்க்கவில்லை.

எல்லா வேலையும் முடிந்தபின் வீட்டைச் சோதிக்க ஒரு பெண் வந்தார். ரொறன்ரோவில் குளிர் மிகவும் கடுமையாக இருந்த ஒரு நாள். முன்வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தை ஒரு துணியால் இறுக மூடி, துணியின் நடுவில் பெரிய காற்றாடி ஒன்றைப் பொருத்தினார். அது வீட்டுக் காற்றை வெளியே இழுத்தது. எங்காவது துவாரம் இருந்தால் அந்த வழியாக வெளிக்குளிர் உள்ளே வருமாம். அதைப் பார்க்க அவரிடம் ஒரு கமெரா இருந்தது. சூடான இடம் மஞ்சளும் சிவப்புமாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரிகிற கமெரா. யன்னல், கூரையின் மூலை, பின்கதவு என்று அவர் காட்டிக்கொண்டே போனார். என் கணவர் வகுப்புப் பிள்ளைபோல் பின்னாலேயே திரிந்தார். நீலம் எங்கேயும் இல்லை. இந்த வயது வீட்டில் இப்படி ஒரு வேலையைத் தான் கண்டதேயில்லை என்று அந்தப் பெண் சொன்னார். என் கணவரின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

கடைசியாக நான் இருந்த சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சுவர். அந்தப் பெண் கமெராவை என் பக்கம் திருப்பினார். அவர் தோளுக்கு மேலால் என் கணவர் எட்டிப் பார்த்தார். கமெராவின் சிறிய திரை எனக்கும் சாய்வாகத் தெரிந்தது. என் முகம் மஞ்சளாக இருந்தது. போர்வைக்கு மேல் வைத்திருந்த கைகள் மணிக்கட்டுவரை மஞ்சளாக வந்து, அதற்கப்பால் மங்கி, விரல்கள் இல்லாமலே போயிருந்தன. சுவர் என்ன நிறமோ, என் விரல்களும் அதே நிறம். அந்தப் பெண் சட்டென்று கமெராவைக் கீழே இறக்கினார். தன் பெற்றோரை நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். பிறகு காற்றாடியை நிறுத்தி, துணியைக் கழற்றி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு என் கணவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முன்பு தெருவில் கார் போனாலே கேட்கும். இப்போது அதுவும் கேட்கவில்லை. அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவர் நெற்றியில் வியர்வை நின்றது. வீடு அவ்வளவு சூடு.

நான் கேட்டது இதைத்தான். இரண்டு குளிர்காலமாகக் கேட்டது இதைத்தான். கிடைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஊர்ப்புதினம் இல்லை, நக்கல் இல்லை. என் விரல்களைத் தேய்ப்பதும் பார்ப்பதும் திரும்பத் தேய்ப்பதுமாக இருந்தார். திருத்த முடியாத மெசினைக் கையில் வைத்திருக்கிற ஆளின் முகம் அது. அந்த முகத்தை அவர் இவ்வளவு நாளும் எனக்குக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன். "அந்தப் பின்கதவாலை காத்து வாற மாதிரிக் கிடக்கு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்கதவில் ஒரு துளி நீலமும் இல்லை என்பதைச் சற்று முன்னர்தான் தன் கண்ணால் கண்டவர். அந்தப் பெண் சொன்னதை நானும் கேட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஓம்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் தெரியுது."

என் கைகளைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு எழும்பினார். மேசை லாச்சியை இழுத்து அதற்குள் தேடுவது கேட்டது. பிறகு பின்கதவடியில் அவர் ரேப்பை இழுத்துக் கிழிக்கிற சத்தம், ஒன்று முடிய இன்னொன்றாக, கேட்டுக்கொண்டே இருந்தது.