கதவைச் சாத்திப் படித்த வங்காளம்

மலேசியாவில், பகாவ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தின் மருந்தகத்தில் நான் தாதி. தொழிலாளர்களில் பலர் வங்காளதேசத்தவர்கள். அவர்கள் மொழியைக் கற்க மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். பேச்சுப் பயிற்சியை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவந்தேன். தப்பாகப் பேசக் கூச்சம்.

ஒரு திங்கட்கிழமை காலை, பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த கரீமை லோரியில் தூக்கி வந்தார்கள். வேர்த்துக் கொட்டியது, மூச்சுத் திணறியது. கூட வேலை செய்யும் ரஃபிக்கும் வந்திருந்தார்; அவர் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“என்னா மிஸ்ஸி, எட்டு மாசமா படிக்கிறீங்க! மருந்தக் குடிச்சிட்டானான்னு கேளுங்கலா!” என்று கத்தினார் லோரி ஓட்டுநர் மணியம்.

ரஃபிக் பக்கம் திரும்பினேன். உடைந்த வங்காளத்தில், “மெதுவாகச் சொல்லுங்கள். மருந்து எங்கே பட்டது?” என்றேன்.

ரஃபிக் நிதானித்து ஒரே சொல் சொன்னார்: “முதுகு.”

கரீம் தோளில் மாட்டியிருந்த மருந்துத் தொட்டி ஒழுகி, சட்டை முழுக்க நனைந்திருந்தது. கையுறை மாட்டி, சட்டையைக் கத்தரித்து எறிந்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே ஆம்புலன்சுக்குக் காத்திருந்தோம். கரீம் பிழைத்தார்.

இப்போது என் படிப்பு நேரம் காலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில். வேலை பிரித்துக் கொடுக்கும்வரை நிற்பவர்களோடு தப்புத் தப்பாகப் பேசுகிறேன். எல்லாரையும்விட அதிகம் சிரிப்பவர் கரீம். சிரிக்கட்டும்.