எக்கிய வயிறு

தையல்காரர் மகனுக்கு வயிற்றை எக்குவது அன்றாடப் பழக்கம். போட்டோவுக்கு எக்குவான், மாடிப்படியில் பெண்கள் எதிரே வந்தால் எக்குவான். விடுதி அறைக்கு வந்து பேன்ட்டைக் கழற்றிய பிறகுதான் வயிறு வெளியே வரும். அப்பா அளவெடுக்கும்போதும் இதே கூத்துதான். "மூச்ச விடுடா, செத்துகித்துப் போயிடாத" என்பார் அவர். விடவே மாட்டான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற தடியனுக்கு ரோஷத்தைப் பாருங்கள்!

அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அவன் வகுப்பையே சோதனைக்கு எடுத்தார்கள். முதலில் இடுப்பளவு, பிறகு ஊசி. உடம்பில் கொழுப்பு கூடக்கூட உள்ளுக்குள் அழற்சியும் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். தொளதொளச் சட்டைக்குள் நாடா நுழைந்ததும் நம்ம ஆள் வழக்கம்போல எக்கினான். ஒல்லிப் பையன்களோடு சேர்ந்துகொண்டது அவன் இடுப்பு.

ரத்தத்தை எக்க முடியுமா?

மறுநாள் ஆய்வுக்கூடத்து மேடம் திரையில் எல்லோருடைய முடிவையும் போட்டார். அவனுடையது மட்டும் ஒட்டாமல் நின்றது: ஒல்லி இடுப்பு, எகிறிய அழற்சி.

"காய்ச்சல், பல்வலி, காயம் ஏதாவது இருந்துதா?"

"இல்ல மேடம்."

மேடம் ரத்தத்தைச் சோதித்த பெண்ணிடம் திரும்பினார். அவளும் அவன் வகுப்புதான். "அப்போ நீதான் ரத்தம் புடிச்ச குழாய மாத்திட்டே. இனிமே மெஷின் பக்கமே வராதே."

"நான் மாத்தல மேடம்" என்றாள். ஊசியைப் பார்த்து அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை யாரிடமும் சொல்லாதவள் அவள். அவன் வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் அவள் படிப்பில் மண் விழும்.

"மேடம்... ரத்தம் என்னோடதுதான். இடுப்புதான் பொய். வயித்த எக்கிட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. நாடாவை அந்தப் பெண்ணிடமே நீட்டினார்.

"மூச்ச விடு" என்றாள் அவள் மெதுவாக.

இத்தனை பேர் முன்னாலா? பேன்ட் பொத்தான் தெறித்து ஓடிவிடும் என்று கையால் பொத்திக்கொண்டு, விட்டான். பொத்தான் அசையவே இல்லை. பேன்ட் இடுப்பில் தாராளமாக இடம் இருந்தது.

வீட்டில் அவன் எக்கி நின்றபோது நாடா காட்டிய அளவுக்கு அப்பா ஒருநாளும் துணி வெட்டவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல், வயிற்றுக்கு இடம் விட்டு எத்தனை பேன்ட்! வகுப்பே சிரித்தபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.