எதிர்க்கரையில் என் குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பயந்து அல்ல, வேலை கிடக்கிறதே என்றுதான். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகன் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்ததில் இருந்து அவருக்குப் பறவைப் பைத்தியம். கூடு கட்டுகிற சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் முதல் பஸ் பிடித்து ஆத்தூர் போய், அணைக்கு மேலே ஆற்றோரமாக மரங்களுக்குள் நடப்போம். நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் கூட்டைக் கண்டுபிடிப்பதில் என் கண்தான் முந்தும். சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்பதால் அங்கே நாங்கள் பேசுவதே இல்லை, எல்லாம் கைஜாடைதான். எனக்கும் அது சௌகரியம்.

போன சித்திரையில் அரசவால் ஈப்பிடிப்பான், வெள்ளை ரிப்பன் மாதிரி நீள வால் இருக்குமே அது, ஆற்றின் மேல் சாய்ந்த கிளையில் கூடு கட்டியிருந்தது. நான் மருத மரத்தடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஓரமாக நின்றார். நல்ல காலை வெயில்.

அப்போது எதிர்க்கரையில் இருந்து என் குரல் கேட்டது.

என் குரல் எனக்குத் தெரியாதா? அது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவேன். இங்கேயும் எழுத மாட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இந்தா வாரேன்" என்று சொல்லி, செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். மலையில் முந்தின நாள் ராத்திரி மழை பெய்திருக்கும் போல, தண்ணீர் செம்மண் நிறமாகி ஏறிக்கொண்டு வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது.

"ஏங்க, தண்ணி வருது, ஏங்க" என்று கத்தினேன். காதில் விழாத மாதிரியே போகிறார், முழங்கால் தாண்டிவிட்டது. அந்தக் கரையில் மறுபடி அதே பேர், அன்பாக, அவசரமே இல்லாமல். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவர் நடு ஆற்றில் நின்று அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னிடம் வந்தார். கையைப் பிடித்து மேலே இழுத்த கொஞ்ச நேரத்தில் ஆறு கட்டையும் முள்ளுமாக உருண்டு போனது.

"பேரச் சொல்லிட்டியே கழுத" என்று சிரிக்கப் பார்த்தார். "அந்தக் கரையிலயும் நீதான் நின்ன. இதே சேலை."

பறவை பார்க்க வரும் டீச்சரம்மா ஒருவரிடம் சொன்னோம். "துடுப்புவால் கரிச்சானா இருக்கும்மா, அது எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லும்ல" என்றார். நான் தலையாட்டினேன், எதிர்த்துப் பேச எனக்கு வராது. ஆனால் பறவை கேட்டதைத்தானே சொல்லும்? அந்தப் பேரை என் வாயில் இருந்து அதுவரை யார் கேட்டது, நீங்களே சொல்லுங்கள்.

அதுகூடப் போகட்டும். அதற்கப்புறம் நாங்கள் அங்கே போகவில்லை. சில நாள் சோறு போடும்போது தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்க்கிறார். போன வாரம் கேட்டே விட்டார்.

"ஏத்தா, அன்னைக்கி நான் சரியான கரைக்குத்தான் வந்தனா?"

ஆமாம் என்றேன். நான் சொன்னதை அவர் கேட்கவில்லை, சொன்ன குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.