பழைய ஏசியில் மிச்சமிருந்த கேஸ்

திண்டிவனம் வீட்டில் எங்கள் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தப் பழைய கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று அரசாங்கம் அதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டிருந்தது. புதிய மெஷின்களுக்கு வேறு கேஸ். அதனால் ஏசியையே மாற்றிவிட முடிவு செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பழையதைக் கழற்றும்முன், "உள்ள இருக்கிற கேஸை வெளி யூனிட்டுல புடிச்சி மூடிடறேன் டீச்சர். கால் மணி நேரம் மிஷின் ஓடிக்கினு இருக்கணும். காத்துல வுடக் கூடாதுங்க," என்றார்.

அப்போது மணி பத்து. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புதியதை ஓடவிட்டுவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

"அதையெல்லாம் யாரு வந்து பாக்கப் போறாங்க? ஜல்தியா கழட்டுங்க," என்று எரிந்து விழுந்தேன்.

அவர் நட்டைத் தளர்த்தினார். உஸ்ஸென்று சீறிய கேஸ் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

பிறகுதான் பழைய செம்புக் குழாய் புதிய கேஸுக்கு ஆகாது என்றார். வேறு குழாய் வாங்கிவந்து மாட்டி, மெஷின் ஓடியபோது மணி ஒன்று. ராகு காலம் வந்து போயே விட்டிருந்தது. அந்தக் கால் மணி நேரம் நான் பொறுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஓசோன் படலம் யாரால் பாதிக்கப்படுகிறது என்று நானே கேட்டிருந்தேன். தொழிற்சாலைகளால் என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.