கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் பெய்ரூட்

எழுபதுகளின் பிற்பாதியில் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவள் பெய்ரூட்காரி. இரண்டு பேருக்கும் ஒரே லேப். எனக்குச் சமைக்கத் தெரியாது. தனக்குத் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் ஊரில் சண்டை ஓய்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சண்டையில் தெருவில் கார்களை மறித்து, மதம் கேட்டு ஆட்களைக் கொன்றார்களாம். அவள் அப்பா துணிக்கடையைத் திரும்பத் திறந்துவிட்டார். தம்பி அடுத்த குளிர்காலத்தில் இங்கே இன்ஜினியரிங் படிக்க வருவதாக ஏற்பாடு. ஃபோனில் என்னிடமும் பேசுவான். பனியில் எப்படி நடப்பீர்கள், விழுந்ததுண்டா என்றெல்லாம் கேட்பான். அவன் புகைப்படம் எங்கள் சமையலறைச் சுவரில் இருந்தது.

கோடை முடியும்போது அவள் அம்மாவின் பேச்சு மாறியது. எதிர்வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் காலி செய்துகொண்டு தங்கள் மதத்து ஆட்கள் இருக்கும் பக்கம் போய்விட்டார்களாம். பேக்கரி வாசலில் மறுபடியும் மணல் மூட்டை. மாடியில் இருப்பவர் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். தோழி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊர் பயந்தே பழகிவிட்டது, பட்டாசு வெடித்தால்கூட மூட்டை அடுக்குவார்கள் என்றாள். நானும் அதை அப்படியே நம்பினேன்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரம்மாள் கீழே இருந்து கூப்பிட்டாள். செய்தியில் பெய்ரூட்டைக் காட்டுகிறார்கள் என்றாள். ஓடிப்போய் நின்றோம். கறுப்பு வெள்ளையில் ஒரு தெரு. குறுக்கே தகரப் பீப்பாய்கள், வரிசையாக நின்ற கார்கள். "அதோ எங்கள் கடை" என்று தோழி திரையில் விரலை வைத்தாள். அவள் குரலில் சந்தோஷம்கூட இருந்தது. துப்பாக்கி மாட்டிய ஒருவன் ஒரு காரின் ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டான். நிமிர்ந்து கேமராப் பக்கம் திரும்பினான்.

புகைப்படத்தில் மட்டுமே பார்த்த எனக்கே அடையாளம் தெரிந்தது. அவள் விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. விஷயம் தெரியாத வீட்டுக்காரம்மாள், பாவம், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்றாள்.

தோழி அங்கேயே ஃபோன் போட்டாள். லைன் கிடைக்க வெகு நேரம் ஆனது. அவள் அம்மாவோடு அரபியில் பேசியது எனக்குப் புரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். "தெருவைப் பிடித்திருக்கும் துப்பாக்கிக் கூட்டத்தார் வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டார்களாம். தராதவர் கடையை எரித்துவிடுவோம் என்றார்களாம். அப்பாதான் அனுப்பியிருக்கிறார்."

மகன் வேண்டுமா, கடை வேண்டுமா என்று இவள் கேட்டதற்கு, இரண்டும் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினோம் என்று அம்மா அழுதாளாம்.

அந்த வாரமே சண்டை மூண்டது. ஃபோன் தொடர்பு அறுந்தது. அவள் தினமும் லேப்புக்கு வந்தாள், கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவினாள். பல வாரம் கழித்து சைப்ரஸிலிருந்து ஒரு சித்தி பேசினாள். பெற்றோர் மலைக் கிராமத்தில் பத்திரம். கடை எரிந்துவிட்டது. தம்பி அந்தக் கூட்டத்தோடு போனவன், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

மறு வருஷம் ஒரு கப்பலில் தப்பி, ஏதேதோ ஊர் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தான். நன்றாகச் சாப்பிட்டான், நிறையத் தூங்கினான். ஒருநாள் சாப்பிடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள், அங்கே என்ன செய்தாய் என்று.

"கார்களை நிறுத்தினேன்."

"நிறுத்திவிட்டு?"

அவன் எழுந்து தட்டைக் கழுவப் போனான். குழாய் வெகு நேரம் ஓடியது. அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. அவன் தாமதமாகத்தான் கல்லூரியில் சேர்ந்தான். படித்து முடித்து வடக்கே ஏதோ ஊரில் வேலைக்குப் போனான்.