கரண்ட் போனதும் கேட்ட என் கோவைத் தமிழ்

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "ஏனுங்க, படியில நிக்காதீங்க, உழுந்துபோடுவீங்க" என்று திட்டியதுகூட எனக்குக் கொஞ்சலாகக் கேட்டது. இப்படிப் பேசிப் பழகியே தீர்வது என்று அன்றே முடிவு செய்தேன். எங்கள் வீட்டு மொழி குஜராத்தி. தமிழ், சென்னையில் கற்றது. பீளமேட்டில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறேன்.

புராஜெக்ட் செய்ய எங்கும் இடம் கிடைக்காமல், கடைசியாகச் சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தத்தில் நான் பேசியது முதலாளிக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிய, "ஏனுங்ங்க, உங்க தறியப் பாத்துப்போட்டுப் போலாமுங்ங்களா?" என்று இழுத்தேன். அந்த நொடி பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் நின்றுவிட, என் இழுவை மட்டும் கூடம் முழுக்க ஒலித்தது.

முதலாளியின் முகம் சிவந்தது. "எங்க பேச்சு உங்களுக்குக் கேலியாப் போச்சுங்களா தம்பி? கெளம்புங்க."

புராஜெக்ட் போயிற்று என்று பதறினேன். "கேலி இல்ல சார்! நான் குஜராத்தி. உங்க பேச்சு பிடிச்சுப்போய்க் கத்துக்கறேன். காலேஜ் புராஜெக்ட் செய்யத்தான் இங்க வந்தேன்" என்று உளறினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட, அதுக்கு ஏனுங்க இத்தனை இழுவை? நாங்க பேசறமுங்க, பாடறதில்லீங்க. நாளைக்கே வேலைய ஆரம்பிங்க."

போன உயிர் திரும்பியது. இப்போதெல்லாம் புது இடத்தில் முதலில் என் தமிழில்தான் பேசுகிறேன். உங்கள் பேச்சைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகே அந்த ஊர்ப் பேச்சுக்கு மாறுகிறேன். அடுத்த மாதம் நண்பனின் அக்கா கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகிறேன். அங்கே பேச்சு இன்னும் வேகமாமே, அதையும் ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான்!